புரத மாவும் மருந்துக் குளிசையும்

எமது பட்டினங்களின் மருந்துக்கடைகளிலும் பெரிய பலசரக்குக் கடைகளிலும் கண்ணாடி அலுமாரிக்குள் பெரிய ரின்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை இப்போது காண்கிறோம். அவற்றின் மேல் ‘வே புறோட்டீன்’ என்று எழுதப்பட்டிருக்கும். உடற்பயிற்சி நிலையங்களிலும் இவை விற்பனையாகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பார்சல்களிலும் சொக்கலேற், சவர்க்காரம் என்பவற்றோடு இந்த ரின்னும் வந்து சேர்கிறது. பட்டினத்தில் இருந்த பொருள் இன்று கிராமத்து வீட்டு அலுமாரி வரை வந்துவிட்டது.

இதனை மூன்று வகையினர் வாங்குகின்றனர். உடம்பைத் திரட்ட விரும்பும் இளைஞர் முதல் வகையினர். பிள்ளை மெலிந்திருக்கிறது என்று கவலைப்படும் பெற்றோர் இரண்டாம் வகையினர். வீட்டில் நோயாளியாகவோ முதுமையால் தளர்ந்தோ இருக்கும் ஒருவருக்கு ‘சத்து ஏறட்டும்’ என்று கரைத்துக் கொடுப்பவர்கள் மூன்றாம் வகையினர். இந்த மூன்றாம் வகையினரை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். ஏனெனில் நோயாளியின் மேசையில் இந்த ரின்னுக்குப் பக்கத்தில் எப்போதும் வேறொன்றும் இருக்கிறது. அது கிளினிக்கில் கொடுத்த குளிசைப் பை. மாவும் குளிசையும் ஒரே வயிற்றுக்குள் போய்ச் சேரும்போது என்ன நடக்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. ‘இது வெறும் சாப்பாட்டுச் சாமான்தானே’ என்று எண்ணி நாமும் வைத்தியரிடம் சொல்வதில்லை.

இந்த மா நஞ்சன்று, மருந்துமன்று. பாலிலிருந்து எடுக்கப்பட்டுச் செறிவாக்கப்பட்ட ஓர் உணவு. ஆனால் உணவும் மருந்தின் வேலையைக் குறைக்கவோ கூட்டவோ வல்லது. இதனை விளங்கிக்கொள்ள, இந்த மா எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

கழிவாக இருந்த நீர்

‘வே’ என்பது ஆங்கிலப் பெயர்; பொருள் எமக்குப் புதியதன்று. காய்ச்சிய பாலில் தேசிக்காய்ப் புளி விழுந்தால் பால் திரைந்து, வெண்கட்டி ஒருபுறமும் இளமஞ்சள் நீர் மறுபுறமுமாகப் பிரிந்துவிடும். சட்டித் தயிரில் ஒரு கரண்டி அள்ளிய பின்னர் அந்தக் குழியில் ஊறி நிற்பதும் இதே தெளிநீர்தான். பாலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 வீதம் கேசீன் எனப்படும். அதுவே கட்டியாகிறது. மிகுதி 20 வீதம் கட்டியாகாமல் நீரில் கரைந்து நிற்கிறது. அதுதான் வே புரதம்.

மேலை நாடுகளில் பாற்கட்டி, அதாவது சீஸ் செய்யும் தொழிற்சாலைகளில், 10 லீற்றர் பாலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ சீஸ் கிடைக்கும். ஏறத்தாழ 9 லீற்றர் தெளிநீர் மிஞ்சும். நெடுங்காலமாக இந்த நீரைப் பன்றிகளுக்குக் கொடுத்தார்கள், நிலத்தில் ஊற்றினார்கள், ஆறுகளில் விட்டார்கள். அதிலுள்ள பாற்சீனியைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் ஆற்று நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிட, மீன்கள் செத்து மிதந்தன. பின்னர் ஆறுகளைக் காக்கும் சட்டங்கள் இறுகின. 1970களில், மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வுகளினூடாகத் தெளிநீரை அழுத்தி வடித்து, புரதத்தை மட்டும் தடுத்து எடுக்கும் முறை தொழிற்சாலைகளில் பரவியது. அதனை வெப்பக்காற்றில் விசிறி உலர்த்தினால் மா கிடைக்கும். இவ்வாறு கொட்டுவதற்கு இடமில்லாதிருந்த கழிவுநீர் விலையுயர்ந்த பண்டமாயிற்று.

ஒரு லீற்றர் தெளிநீரில் புரதம் 6 கிராம் அளவே உண்டு. ஒரு கரண்டி மாவிலுள்ள 24 கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 4 லீற்றர் தெளிநீர் வேண்டும். செறிவு என்பதன் பொருள் இதுதான். ஒரு மிடறில் குடிப்பது சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே போவது சிறிதன்று.

ரின்னுக்குள் என்ன இருக்கிறது?

மா மூன்று தரங்களில் வருகிறது. முதலாவது ‘கொன்சென்ரேற்’ எனப்படும் செறிவு மா. இதில் பெரும்பாலும் 80 வீதம் வரை புரதம் இருக்கும். மலிவான சிலவற்றில் இதைவிட மிகக் குறைவு. பாற்சீனியும் சிறிதளவு கொழுப்பும் இதில் தங்கியிருக்கும். இரண்டாவது ‘ஐசொலேற்’ எனப்படும் பிரித்தெடுத்த மா. இதில் 90 வீதமோ அதற்கு மேலோ புரதம் உண்டு. பாற்சீனி மிகக் குறைவு. மூன்றாவது ‘ஹைட்ரொலைசேற்’. இது புரதத்தை நொதியங்களால் முன்கூட்டியே சிறு துண்டுகளாக வெட்டிய மா. இது விரைவில் சமிக்கும். கசப்பும் விலையும் அதிகம்.

இவற்றோடு வேறு பொருட்களும் சேர்க்கப்படுகின்றன. கொக்கோ, வனிலா போன்ற சுவையூட்டிகளும் மா கட்டிபடாமல் கரைவதற்குச் சோயா லெசித்தினும் இருக்கும். கூழ்போலத் தடிப்பதற்கு ஒருவகைப் பிசின்களைச் சேர்ப்பார்கள். சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ், அசிசல்பேம் என்னும் செயற்கை இனிப்புகள் இருக்கும். சுக்ரலோஸ் சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பானது; ஆகவே சிறிதளவே போதும். சில ரின்களில் விற்றமின்கள், இரும்பு, கல்சியம், பொற்றாசியம் என்பனவும், கிரியற்றின் என்னும் பொருளும் கலந்திருக்கும். மருந்தோடு மோதுவதில் இந்தக் கலப்புப் பொருட்களுக்கும் பங்கு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

‘எடை கூட்டும் மா’ என்று விற்கப்படுவது வேறு வகை. அதில் புரதத்தைவிட மோல்ரோடெக்ஸ்ரின் என்னும் மாச்சத்தே அதிகம். அது சோளம் போன்றவற்றின் மாப்பொருளிலிருந்து செய்யப்படுவது. உடலுள் சென்றதும் விரைவில் குளுக்கோசாகிவிடும். ரின்னின் முகப்பில் ‘புறோட்டீன்’ என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்க அட்டவணையைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ‘ஒரு தடவைக்கு’ என்ற அளவை நம்பாது, ‘100 கிராமில்’ எவ்வளவு புரதம், எவ்வளவு மாச்சத்து என்று பார்க்க வேண்டும். சேர்பொருட் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் எழுதப்படுவது வழக்கம். முதலில் நிற்பது மோல்ரோடெக்ஸ்ரின் என்றால், நாம் வாங்குவது பெரும்பாலும் மாச்சத்தே.

இரண்டு வகையினருக்கு மருந்து எதுவும் இல்லாமலே இந்த மா ஒத்துக்கொள்ளாது. பால் அலர்ச்சி உள்ளவர்கள் முதலாவது. அவர்களது உடல் பாற்புரதத்தையே எதிரியாகக் கொள்வதால் எந்தத் தர மாவும் ஆபத்தானது. உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுமுட்டு என்பன ஏற்படலாம். பாற்சீனி சமியாதவர்கள் இரண்டாவது. எமது மக்களுள் வளர்ந்தோர் பலர் இவ்வகையினர். அவர்களுக்குச் செறிவு மா வயிற்றுப் பொருமலையும் வயிற்றோட்டத்தையும் தரும். இது தொல்லையேயன்றி உயிராபத்தன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கக்கூடாது.

உடலுக்கு எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் பெரிய காயத்திலிருந்து தேறுபவர்களுக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். பாரமான உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் அப்படியே.

இந்த 50 கிராம் எமது கோப்பையிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்குச் சமைக்கும் 300 கிராம் அரிசியில் 20 கிராம் அளவு; 50 கிராம் மைசூர்ப் பருப்பில் 12 கிராம்; ஒரு முட்டையில் 6 கிராம்; ஒரு சிறு பிடி நெத்தலிக் கருவாட்டில் 12 கிராம் அளவு. கூட்டினால் 50 ஆகிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் சேர்த்து உண்ட எமது முன்னோரின் வழக்கம் இதனால்தான் நல்ல வழக்கம்.

தேவைக்கு மேலே போகும் புரதம் தசையாகச் சேர்வதில்லை. உடல் அதனை எரிபொருளாக எரிக்கும். மிஞ்சினால் கொழுப்பாகச் சேமிக்கும். அப்போது பிரியும் நைதரசன் யூரியாவாக மாறிச் சிறுநீரகத்தினூடாக வெளியேறும். தசையை வளர்ப்பது வேலையும் பயிற்சியும். புரதம் அதற்கான பொருள் மட்டுமே. கல்லைக் குவித்துவிட்டு மேசன் வராவிட்டால் சுவர் எழும்பாது.

மாவும் மருந்தும் சந்திக்கும் இடம்

குளிசை வயிற்றில் கரைந்து, குடற் சுவரினூடாக இரத்தத்தில் சேர்ந்த பின்னரே வேலை செய்யும். அந்தப் பாதையில் மா குறுக்கிடும் வழிகள் சில உண்டு.

முதலாவது, கல்சியம் பிடித்துக்கொள்வது. பாலிலிருந்து வந்ததால் ஒரு கரண்டி மாவில் பொதுவாக 100 முதல் 200 மில்லிகிராம் வரை கல்சியம் இருக்கும். அதனைப் பாலிலே கரைத்தால் இன்னும் கூடும். சில மருந்துகளைக் கல்சியம் கட்டிப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். குளிசையை விழுங்கியிருப்போம்; ஆனால் அதன் ஒரு பகுதி இரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். சிப்ரோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்கொல்லிகளைப் பாலுடன் குடித்தால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீணாகிறது. ரெட்ராசைக்கிளின் ஆயின் பாதிக்கும் மேல் வீணாகலாம். காய்ச்சல் குறையாதபோது ‘மருந்து சரியில்லை’ என்கிறோம். மருந்து சரிதான்; அதனை உள்ளே போகவிடாமல் மறித்தது நாம் கொடுத்த பானம்.

வயல் வேலை செய்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில் கமக்காரருக்குச் சுகாதாரப் பகுதியினர் டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தைக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கக் கொடுப்பதுண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை மறந்திருக்க மாட்டோம். ரெட்ராசைக்கிளின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மருந்தைப் பால் தடுப்பது சற்றுக் குறைவே. ஆயினும் உயிர்காக்கும் மருந்தில் ஒரு பங்கையேனும் ஏன் இழக்க வேண்டும்? சாப்பாட்டின் பின் நிறையத் தண்ணீருடன் குடித்து, உடனே படுக்காமல் இருப்பதே முறை. பால், புரத மா, இரும்புச்சத்துக் குளிசை என்பவற்றை வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தைரொயிட் குறைவுக்குத் தரப்படும் தைரொக்சின் குளிசையும் இவ்வாறே. அதனைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் கழித்தே உண்ண வேண்டும். கல்சியம் அதிகமுள்ள எதனையும் நாலு மணித்தியாலம் தள்ளி எடுப்பது நல்லது. எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கொருமுறை தரப்படும் அலென்ட்ரோனேற் குளிசை இன்னும் கண்டிப்பானது. வெறும் தண்ணீர் தவிர வேறு எதனுடனும் அதனை விழுங்கக்கூடாது. அரை மணித்தியாலம் நிமிர்ந்தே இருக்கவும் வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தரப்படும் இரும்புச்சத்துக் குளிசையும் பாலுடனோ தேநீருடனோ புரத மாவுடனோ சேர்ந்தால் உடலில் குறைவாகவே சேரும்.

இரண்டாவது, ஒரே வாசலுக்குப் போட்டி. பார்க்கின்சன் எனப்படும் நடுக்க நோய்க்கு லெவோடோபா என்னும் மருந்து கொடுக்கப்படுகிறது. அது அமினோ அமிலம் என்னும் வகையைச் சேர்ந்த பொருள். புரதம் சமித்தால் கிடைப்பதும் அமினோ அமிலங்களே. குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் இவை போகும் வாசல் ஒன்றே. பேருந்தில் ஓர் ஆசனம். ஏறுவதற்கு நூறு பேர். மருந்து வெளியே நின்றுவிடும். நடுக்கம் குறையவில்லை, கால் ஒட்டிக்கொண்டதுபோல் நடக்க முடியவில்லை என்று நோயாளி துன்பப்படும்போது, வீட்டார் ‘பலம் காணாது’ என்று இன்னொரு கரண்டி மாவைக் கரைப்பார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். இம்மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னரோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்தோ எடுக்குமாறு வைத்தியர்கள் சொல்வதன் காரணம் இதுவே. சிலருக்குப் புரத உணவின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைக்கும்படியும் சொல்வார்கள். புரதத்தை அறவே நிறுத்துவது பிழை. நேரத்தை மாற்றுவதே வழி.

மூன்றாவது, நீரிழிவு மருந்தோடு சேர்ந்து வேலை செய்வது. வே புரதம் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். இன்சுலின் சுரப்பையும் தூண்டும். சாப்பாட்டுக்கு முன் எடுத்தால் சாப்பிட்ட பின் ஏறும் சீனியின் அளவு குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. இது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளையோ இன்சுலின் ஊசியையோ எடுக்கும் ஒருவர், சோற்றை விட்டுவிட்டு ஒரு கப் புரதப் பானத்தோடு இருந்துவிட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வியர்வை, கைநடுக்கம், தலைச்சுற்று, குழப்பமான பேச்சு என்பன அதன் அறிகுறிகள். மறுபுறம், அதே நோயாளி ‘எடை கூட்டும் மா’வைக் குடித்தால் சீனி எகிறும். ஒரே அலுமாரியிலுள்ள இரண்டு ரின்கள் எதிரெதிர் வேலை செய்யும்.

நான்காவது, கலந்திருக்கும் உப்புகளும் விற்றமின்களும். லொசார்ற்றன், எனலாபிரில் போன்ற பிரசர் குளிசைகளும், ஸ்பைரோனோலக்ரோன் என்னும் குளிசையும் உடலிலுள்ள பொற்றாசியம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. பொற்றாசியம் சேர்த்த மாவை இவற்றோடு எடுத்தால், சிறப்பாகச் சிறுநீரகம் தளர்ந்தவர்களில், இரத்தத்தில் அதன் அளவு கூடி இதயத் துடிப்பே தடுமாறலாம். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர்களுக்கு விற்றமின் கே சேர்த்த மா பகை. அது மருந்தின் வேலையைத் தளர்த்திவிடும். விற்றமின் கே இல்லாமலே, உணவில் புரதம் திடீரெனக் கூடியபோது வார்பரினின் வலு குறைந்ததாகவும் மருத்துவ அறிக்கைகள் உண்டு. இதய வால்வு மாற்றியவர்களுக்கு இது சிறிய விடயமன்று.

சிறுநீரகம் பற்றித் தனியாகச் சில வார்த்தைகள்

வடமத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சி போன்ற இடங்களில், 1990களில் இருந்து காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் கமக்காரர் பலரைப் பாதித்து வருகிறது. எல்லையில் உள்ள வவுனியா மாவட்டத்திலும் அந்நோய் உண்டு. இந்நோயின் கொடுமை, அது நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருப்பதாகும். களைப்பு, பசியின்மை, மெலிவு என்று தொடங்கும். அப்போது வீட்டார் என்ன செய்வார்கள்? ‘சத்துக் காணாது’ என்று ரின்னை வாங்குவார்கள்.

சுகமான சிறுநீரகம் புரதத்தின் கழிவை எளிதாக வெளியேற்றிவிடும். சுகதேகிகளின் சிறுநீரகத்தைப் புரத மா கெடுக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஏற்கெனவே பழுதடைந்த சிறுநீரகத்துக்கோ அது மேலதிகச் சுமை. அவர்களுக்குப் புரதத்தை அளவோடு குறைத்து உண்ணும்படி வைத்தியர் சொல்வதுண்டு. இரத்தம் சுத்திகரிக்கும் டயலிசிஸ் தொடங்கியவருக்கோ புரதம் கூடுதலாக வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுச் சிறுநீரக நோயாளிக்குச் சொன்ன ஆலோசனையை எமது வீட்டு நோயாளிக்குப் பின்பற்ற முடியாது. களைப்பும் மெலிவும் உள்ளவருக்கு முதலில் வேண்டியது இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும். ரின் அதற்குப் பிறகு.

இன்னொன்றும் உண்டு. சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் கிரியற்றினீன் என்னும் பொருளை அளக்கிறார்கள். கிரியற்றின் கலந்த மாவைக் குடிப்பவரில் இந்த அளவு நோயில்லாமலே கூடிக் காட்டலாம். பரிசோதனைக்கு முன் இதனைச் சொல்லாவிட்டால் வீண் பயமும் வீண் செலவும் ஏற்படும்.

எழுதியதும் இருப்பதும்

உணவிலுள்ள புரதத்தை நேரடியாக அளப்பது கடினம். டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான் கெல்டால் 1883ஆம் ஆண்டில் கண்ட முறைப்படி அதிலுள்ள நைதரசனை அளந்து, குறித்த எண்ணால் பெருக்கிப் புரதமென்று கணக்கிடுவர். பாற்பொருட்களுக்கு அந்த எண் 6.38. நைதரசன் எங்கிருந்து வந்தது என்று இந்த முறை கேட்பதில்லை. அந்த ஓட்டையினூடாகவே சீனாவில் பாலில் மெலமின் என்னும் இரசாயனத்தைக் கலந்தார்கள். 2008இல் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தன. புரத மாவிலும் கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்து கணக்கில் புரதத்தைக் கூட்டிக் காட்டும் ஏமாற்று உண்டு.

இதைவிட அஞ்ச வேண்டியது மறைவான ஹோர்மோன்கள். ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருட்களைப் பரிசோதித்தது. அவை பல வகையானவை. எதிலும் ஹோர்மோன் இருப்பதாக எழுதப்படவில்லை. ஆயினும் 94 பொருட்களில் ஆண் ஹோர்மோன் வகைப் பொருட்கள் இருந்தன. இவ்வகை மருந்துகள் ஈரலைப் பாதிக்கலாம்; இள வயதில் வளர்ச்சியை நிறுத்தலாம்; வார்பரினின் வலுவைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கலாம். ஒரு சில கிழமைகளில் உடம்பு வியப்பாகத் திரள்கிறது என்றால் அது பாலின் வேலையன்று என்று இளைஞர்கள் உணர வேண்டும். உடற்பயிற்சி நிலையத்தில் எவரேனும் ஊசியோ பெயரில்லாக் குளிசையோ நீட்டினால் மறுத்துவிடுவதே அறிவுடைமை.

காசும் சத்தும்

வாசகர்கள் ஒரு கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். 900 கிராம் ரின்னில் 80 வீதம் புரதம் என்றால் மொத்தம் 720 கிராம். அது 120 முட்டைகளிலுள்ள புரதம். அல்லது 3 கிலோ பயறு. அல்லது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ சோயா மீற். ரின்னின் விலையை ஒரு பக்கத்திலும், இவற்றுக்கு உங்கள் சந்தையில் இன்று கொடுக்க வேண்டிய விலையை மறுபக்கத்திலும் எழுதிப் பாருங்கள். பயற்றம் புரதம் வே புரதம்போல முழுதாகச் சமிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் சோற்றோடு சேரும்போது அந்தக் குறை பெரிதும் நிரம்பிவிடும். அத்தோடு பயற்றிலும் முட்டையிலும் கருவாட்டிலும் இருக்கும் இரும்பும் நார்ச்சத்தும் விற்றமின்களும் சத்துச் சேர்க்காத மாவில் மிகக் குறைவு. முட்டைக்குக் கொடுத்த காசு பக்கத்து வீட்டுக் கோழி வளர்ப்பவரின் கைக்குப் போகிறது என்பதும் எமக்கு முக்கியமானது.

மெலிந்த பிள்ளைக்கும் இதுவே பதில். பிள்ளை ஏன் மெலிகிறது என்று முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி அறிய வேண்டும். குடற்புழு, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், மொத்தத்தில் சாப்பாடு குறைவு என்பனவே பெரும்பாலும் காரணம். எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுப்பதற்கென, சோளம், சோயா, பால்மா என்பன கலந்து செய்யப்படுவதே திரிபோஷா. கைக்குழந்தைக்குப் புரத மாவைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. தாய்ப்பாலிலும் தெளிநீர்ப் புரதமே அதிகம் என்று சிலர் காரணம் சொல்லலாம். ஆனால் பசுவின் தெளிநீரில் முதன்மையாக உள்ள புரதம் தாய்ப்பாலில் இல்லவே இல்லை.

இந்த மாவுக்கு நியாயமான இடம் எதுவுமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. மெல்லவும் விழுங்கவும் முடியாத புற்றுநோயாளி, பெரிய தீக்காயம் பட்டவர், படுக்கைப் புண்ணோடு கிடக்கும் முதியவர், சத்திரசிகிச்சையின் பின் சாப்பிட இயலாதவர் ஆகியோருக்கு, சிறு அளவில் நிறையப் புரதம் தரும் இந்த மா உண்மையான உதவி. அதனை வைத்தியர் அளவு சொல்லிக் கொடுப்பார்.

நாம் செய்யக்கூடியவை

1. கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு ரின்னையும், அல்லது அதன் லேபலின் படத்தையும், கொண்டுபோய் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். ‘இந்தக் குளிசைகளோடு இது சேருமா, எத்தனை மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது?’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2. குளிசைகளைத் தண்ணீருடன் மட்டும் விழுங்குங்கள். புரதப் பானத்தில் குளிசையைத் தூளாக்கிக் கலக்க வேண்டாம்.

3. சிறுநீரகம், ஈரல், தைரொயிட், நீரிழிவு, பார்க்கின்சன் நோயுள்ளோரும் வார்பரின் எடுப்போரும் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

4. மருந்து பலிக்கவில்லை என்று தோன்றினால் குளிசையை நீங்களாகவே கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். புதிதாக எதைச் சாப்பிடத் தொடங்கினோம் என்று முதலில் யோசியுங்கள்.

5. காலாவதித் திகதியும் இறக்குமதி செய்தவரின் பெயரும் இல்லாத ரின்னையும், திறந்து பொட்டலமாகக் கட்டிய மாவையும் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

6. மாதர் சங்கக் கூட்டத்திலோ இளைஞர் கழகத்திலோ ஒரு ரின்னின் லேபலை எல்லோரும் கூடி வாசியுங்கள். 100 கிராமில் எவ்வளவு புரதம், எவ்வளவு மாச்சத்து என்று கரும்பலகையில் எழுதுங்கள். அந்த ஒரு மணித்தியாலம் பல குடும்பங்களின் காசைக் காப்பாற்றும்.

வெளிநாட்டில் பனியிலும் குளிரிலும் உழைக்கும் ஒரு மகன், ஊரிலுள்ள தாய்க்காக இந்த ரின்னை அன்போடு வாங்கி அனுப்புகிறான். அந்த அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவன் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, ‘அம்மா என்னென்ன குளிசை எடுக்கிறீங்கள்?’ என்று முதலில் கேட்கட்டும். வீட்டிலுள்ளவர்கள் குளிசைப் பையை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்துச் சொல்லட்டும். அதன் பின்னர் மா வேண்டுமா, இரண்டு கோழிக்குக் காசு அனுப்புவதா என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.